பியேர் ஓகுஸ்த் கோ: படம் தெரியும், ஆளைத் தெரியாது

தூரிகைக்காரன் எழுதியது:

இருண்ட வானம், அதற்கு முன்னால் தலைக்கு மேல் மஞ்சள் துணியைப் பிடித்துக்கொண்டு ஓடிவரும் இளம் ஜோடி. இந்த ஓவியத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள், போஸ்டராக, புத்தக அட்டையாக, யாரோ ஒருவரின் முகப்புப் படமாக. யார் வரைந்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வரைந்தவர் பியேர் ஓகுஸ்த் கோ. படத்தின் பெயர் 'புயல்', வருடம் 1880. அதற்கு ஏழு வருடம் முன்னால் அவர் வரைந்த 'வசந்தம்' என்ற ஊஞ்சல் படமும் அதே போலப் பரவியது. இரண்டுமே இப்போது நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

படத்துக்கு இவ்வளவு புகழ் இருந்தும் ஆளைப் பற்றி யாருமே பேசாதது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தல், அதனால்தான் இந்த இழை. தெற்கு பிரான்சில் எரோ மாவட்டத்தில் பெதாரியே என்று ஒரு சின்ன ஊர், அன்றைக்குக் கம்பளித் துணி நெய்த ஊர். அங்கே 1837-இல் பிறந்தார். துலூஸ் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு பாரிஸுக்குப் போனார். லெயோன் கோனியே, அலெக்சாந்தர் கபனேல், வில்லியம் பூகுரோ என்று அன்றைக்குப் பெரிய கைகளாக இருந்தவர்களிடம் பயின்றார். இதில் கபனேலும் எரோ மாவட்டத்துக்காரர்தான், மோன்பெலியேயில் பிறந்தவர். 1863-இல் கோ முதல்முறையாக சலோனில், அதாவது பாரிஸில் நடந்த பெரிய அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியில், படம் வைத்தார். பிரான்சிஸ்க் துயுரே என்ற சிற்பியின் மகளை மணந்துகொண்டார். பாரிஸில் சென் மிஷேல் நீரூற்றுக்கு மேலே சாத்தானை மிதித்துக்கொண்டு நிற்கும் மிக்கேல் சிலை அந்த மாமனார் செய்ததுதான். 1874-இல் பிரெஞ்சு அரசின் லெஜியோன் தொனர் விருது கிடைத்தது. 1883-இல் 46 வயதிலேயே இறந்துவிட்டார்.

என் கட்சி இதுதான். இந்தப் படங்களை 'ஆஹா, எவ்வளவு அழகு' என்பவர்களும் சரி, 'வெறும் காலண்டர் படம்' என்று ஒதுக்குபவர்களும் சரி, இரண்டு தரப்புமே அவற்றை நிதானமாகப் பார்ப்பதில்லை. இனிப்பாக இருப்பதைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அந்தத் துணி காற்றில் உப்பியிருக்கும் விதத்தையும், இரண்டு பேரும் ஒரே உடல் மாதிரி முன்னால் வருவதையும் பார்த்தவர்கள் எத்தனை பேர்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சொல்லுங்கள்.


நள்ளிரவு வாசகி எழுதியது:

நல்ல இழை, ஆனால் நான் எதிர்க்கட்சி. நிதானமாகத்தான் பார்த்திருக்கிறேன், பார்த்த பிறகும் எனக்குப் பிடிக்கவில்லை.

'புயல்' படத்தில் வெளிச்சத்தைக் கவனியுங்கள். பின்னால் வானம் கறுத்துக் கிடக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் தோள் மேலும் கால் மேலும் விழுவது புயல் நேரத்து வெளிச்சமே இல்லை, ஓவியரின் பட்டறை ஜன்னலிலிருந்து வரும் சீரான வெளிச்சம். இரண்டு மாடல்களை உள்ளே நிற்கவைத்து வரைந்துவிட்டு, பின்னால் வேறொரு காட்டையும் வானத்தையும் கொண்டுவந்து சேர்த்த மாதிரி இருக்கிறது. 1874-இலேயே பாரிஸ் காபுசின் சாலையில் புகைப்படக்காரர் நடாருடைய பழைய ஸ்டுடியோவில், பின்னால் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று பேர் வாங்கிய மோனே, ரெனுவார், பிசாரோ, தெகா எல்லாரும் சேர்ந்து தனியாகக் கண்காட்சி நடத்திவிட்டார்கள். வெளியே நின்று பார்த்தால் வெளிச்சம் உண்மையில் எப்படி விழுகிறது, மரத்தடி நிழல் என்ன நிறம் என்று அவர்கள் கேட்டு ஆறு வருடம் ஆன பிறகு கோ வரைந்த படம் இது. அந்தக் கேள்வி தன் காதில் விழவே இல்லை என்பது போல வரைந்திருக்கிறார். கைத்திறன் இருக்கிறது, யார் மறுத்தார்கள்? திறனை வைத்துக்கொண்டு என்ன கண்டுபிடித்தார் என்பதுதான் என் கேள்வி.


கரிக்கோடு எழுதியது:

நான் எண்ணெய் வண்ணத்தில் வரைகிறவன், அதனால் கை வேலைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

அந்தப் பெண் உடுத்தியிருக்கும் மெல்லிய வெள்ளைத் துணி இருக்கிறதே, அதற்குள் உடல் தெரிகிறது, ஆனாலும் துணி துணியாகவே இருக்கிறது. இதை ஒரே அமர்வில் வரைய முடியாது. கோவும் அவருடைய குருமார்களும் பின்பற்றிய ஓவியப் பாணியின் வழக்கமான முறை என்னவென்றால், முதலில் உடலை முழுசாக வரைந்து முடித்து, காயவிட்டு, அதன் மேல் வெள்ளையை மிக மெல்லிசாக, பாதி ஒளி ஊடுருவும்படி தேய்த்துக்கொண்டு வருவார்கள். மடிப்பு விழும் இடத்தில் மட்டும் கெட்டி வெள்ளை. அந்தக் காலத்தில் ஈய வெள்ளைதான், அது இன்றைய டைட்டானியம் வெள்ளை மாதிரி மொத்தமாக மூடிவிடாது, கீழே இருப்பதைக் கொஞ்சம் காட்டும். மெல்லிசாகத் தேய்ப்பதில் கொஞ்சம் கை தவறினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும். கோ செய்ததில் எங்கேயும் அப்படி இல்லை.

அப்புறம் இந்தப் பயிற்சியே எவ்வளவு நீளமானது என்று நினைத்துப் பாருங்கள். முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும். பிறகு கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்துக் கரியில் வரைய வேண்டும், நிழல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பழகும் வரைக்கும். அதெல்லாம் தேறிய பிறகுதான் உயிருள்ள மாடல் முன்னால் உட்கார விடுவார்கள். வண்ணத்தைத் தொடுவது கடைசியில்தான். 'புயல்' படத்தில் உடல்கள் சிலை மாதிரி உருண்டு நிற்பதற்குக் காரணம் அந்தப் பிளாஸ்டர்தான்.

வாசகி சொன்ன வெளிச்சப் பிரச்சினை சரியான கவனிப்பு. ஆனால் அது அலட்சியத்தால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. சலோன் எப்படி இருந்தது? ஷாம்ஸ் எலிசேயில் தொழில் அரண்மனை என்ற பெரிய கட்டடம், அதில் ஆயிரக்கணக்கான படங்கள், தரையிலிருந்து கூரைக்குப் பக்கம் வரை இடைவெளி இல்லாமல் மாட்டியிருப்பார்கள். உங்கள் படம் எங்கே தொங்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தக் கூட்டத்தில் தூரத்திலிருந்து ஒருவர் கண்ணில் பட வேண்டுமென்றால் பின்னணி இருட்டாகவும் உருவங்கள் பளிச்சென்றும் இருக்க வேண்டும். படமும் பெரிசாக இருக்க வேண்டும். 'புயல்' 234 செ.மீ. உயரம், 157 செ.மீ. அகலம். 'வசந்தம்' 213 செ.மீ. உயரம். உருவங்கள் ஏறக்குறைய ஆள் உயரத்துக்கே வந்துவிடுகின்றன. நாம் இவற்றைக் கைப்பேசியில் உள்ளங்கை அளவுக்குப் பார்த்துவிட்டு இனிப்பு என்கிறோம். அந்த அளவில் எதிரே நின்றால் அவர்கள் நம் மேல் ஓடிவந்து மோதுவது போல இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.


தெற்குக்காற்று எழுதியது:

ஒரு சந்தேகம். இந்த ஜோடி யார்? ஏதாவது கதையா, இல்லை சும்மா ஒரு காதல் ஜோடியா?


தூரிகைக்காரன் எழுதியது:

கரிக்கோடு அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி, சலோன் சுவர் விஷயம் எனக்கு ரொம்ப உதவியது.

தெற்குக்காற்று, 1880-இல் படம் வைக்கப்பட்டதிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. இரண்டு கதைகளைச் சொல்வார்கள். ஒன்று, பெர்னார்தென் த சென்-பியேர் 1788-இல் எழுதிய 'பால், வெர்ஜினி' நாவல். கதை நடப்பது இன்றைய மொரீஷியஸ் தீவில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டபோது. (பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் கப்பலில் போய் போர்ட் லூயியைக் கட்டிக் கொடுத்ததும் ஏறக்குறைய அதே காலம்தான்.) அதில் மழை வரும்போது வெர்ஜினி தன் மேல்பாவாடையைப் பின்னாலிருந்து தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொள்வாள், இரண்டு பேரும் அதற்குள் ஒண்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே ஓடிவருவார்கள். படத்தின் அமைப்பு அப்படியே இதுதான்.

இன்னொன்று, லோங்குஸ் எழுதிய பழைய கிரேக்கக் கதை 'தாஃப்னிஸ், க்ளோயி'. ஆடு மேய்க்கும் இரண்டு இளசுகளின் காதல். பையன் இடுப்பில் தொங்கும் கொம்பும் அவன் உடையும் இந்தக் கதைக்குத்தான் பொருந்துகின்றன, மொரீஷியஸுக்குப் பொருந்தவே பொருந்தாது.

என் கருத்து, கோ வேண்டுமென்றே இரண்டையும் கலந்துவிட்டார். பிரெஞ்சு வாசகர்களுக்கு மனப்பாடமான ஒரு காட்சியை எடுத்து, அதற்குக் கிரேக்க வேஷம் போட்டிருக்கிறார். நாவலில் அவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே சிரிப்பு இல்லை. அவள் கலங்கிப்போய்த் திரும்பி மேலே பார்க்கிறாள், அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை, அவளைத்தான் பார்க்கிறான். ஒருத்திக்குப் புயல் பயம், ஒருவனுக்கு அவள் மேல்தான் கவனம். இந்த இரண்டு பார்வையும் சந்திக்கவில்லை என்பதுதான் படத்தை வெறும் காதல் ஜோடிப் படமாக ஆகவிடாமல் காப்பாற்றுகிறது.


பழைய பைண்டிங் எழுதியது:

பிரான்சுக்காரர் வரைந்த இரண்டு படமும் நியூயார்க்குக்கு எப்படிப் போயின என்று யாரும் கேட்கவில்லையே, எனக்கு இதில் பிடித்த பகுதியே அதுதான்.

'வசந்தம்' 1873 சலோனில் வைத்தது. அதை வாங்கியவர் ஜான் வுல்ஃப், நியூயார்க்கில் இரும்புச் சாமான் வியாபாரத்தில் பெரும்பணம் சேர்த்தவர். அவர் மாளிகையில் அதற்கு முக்கியமான இடம் கொடுத்து மாட்டியிருந்தார். அவருடைய உறவுக்காரப் பெண் கேத்தரின் லோரிலார்ட் வுல்ஃப். தந்தை வழியில் இரும்புக்கடைப் பணம், தாய் வழியில் புகையிலைப் பணம், திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர். அந்தம்மா கோவிடம் தனக்கு ஒரு படம் வேண்டும் என்று கேட்டதன் பலன்தான் 'புயல்'. 1870-இல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் தொடங்கப் பணம் போட்ட 106 பேரில் ஒரே பெண் இவர்தான். கபனேல் 1876-இல் இவரை வரைந்த படமும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1887-இல் இறந்தபோது தன் ஓவியங்கள் அத்தனையையும் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தார், நூற்று நாற்பதுக்கும் மேலே. கூடவே 200,000 டாலர் நிதி. 'புயல்' அப்படித்தான் அங்கே போனது. 'வசந்தம்' அதற்கப்புறம் ரொம்பக் காலம் தனியார் கைகளில் இருந்துவிட்டு 2012-இல்தான் நன்கொடையாக வந்தது.

இப்போது வாசகிக்காக ஒரு விஷயம். அந்த 200,000 டாலர் நிதி சும்மா கிடக்கவில்லை. அதை வைத்து 1907-இல் மெட்ரோபாலிடன் வாங்கிய படங்களில் ஒன்று ரெனுவாரின் 'மதாம் ஷார்பாந்தியேயும் குழந்தைகளும்'. பின்னால் 1931-இல் பிரெஞ்சு ஓவியர் தவீதின் 'சாக்ரடீஸின் மரணம்' வந்ததும் அதே நிதியில்தான். அதாவது கோவிடம் 'புயல்' கேட்டு வாங்கிய பெண்மணியின் காசுதான் ரெனுவாரை அங்கே கொண்டுவந்தது. அந்த ரெனுவார் படம் எங்கே முதலில் பேர் வாங்கியது தெரியுமா? 1879 சலோனில். அடுத்த வருடம் அதே சலோனில் 'புயல்'. இந்தப் பக்கம் பழமைவாதிகள், அந்தப் பக்கம் புரட்சிக்காரர்கள் என்று நாம் படித்து வைத்திருக்கிறோம், ஆனால் ஒரே கட்டடத்தில்தான் எல்லோரும் முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கோ மாதிரியானவர்களுக்கு அமெரிக்கச் செல்வந்தர்கள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். 1883-இல் அமெரிக்கா வெளிநாட்டு ஓவியங்களுக்கான சுங்கவரியை 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாக ஏற்றியது. கோ இறந்ததும் அந்த வருடம்தான். சந்தைக்கு வந்த அடியை அவர் இருந்து பார்க்கவில்லை.


நள்ளிரவு வாசகி எழுதியது:

ரெனுவார் நிதி விஷயம் எனக்குப் புதுசு, அருமை. ஆனால் என் வாதம் அப்படியேதான் நிற்கிறது.

1863-இல் கோ முதல்முறை சலோனில் படம் வைத்தார் என்று சொன்னீர்கள். அந்த வருடம் அங்கே என்ன நடந்தது? கபனேலின் 'வீனஸின் பிறப்பு' படத்தைப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே வாங்கிக்கொண்டார். அதே வருடம் மனே என்ற ஓவியரின் (மோனே வேறு) 'புல்வெளி விருந்து' தள்ளப்பட்டு, நிராகரிக்கப்பட்டவர்கள் கண்காட்சியில் போய்த் தொங்கியது. இரண்டு வருடம் கழித்து அவருடைய நிர்வாணப் பெண் படம் 'ஒலிம்பியா' சலோனுக்குள் வந்தபோது பாரிஸே கொதித்தது. வித்தியாசம் ஒன்றுதான். கபனேலின் பெண் தேவதை, அலையில் மிதக்கிறாள், நம்மைப் பார்ப்பதில்லை. மனேயின் பெண் பாரிஸ்காரி, நேராகப் பார்க்கிறாள். புராண வேஷம் போட்டுவிட்டால் எதையும் காட்டலாம், யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கோவின் கிரேக்க வேஷமும் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான் என்பது என் வருத்தம். அந்த மெல்லிய துணி எப்படி வரையப்பட்டது என்று கரிக்கோடு அழகாகச் சொன்னார், எதற்காக வரையப்பட்டது என்பதையும் நாம் சேர்த்தே பேச வேண்டும்.

இன்னொரு பெயரையும் சொல்லிவிடுகிறேன். பிரெதெரிக் பாசீல், 1841-இல் மோன்பெலியேயில் பிறந்த ஓவியர். கோவும் கபனேலும் வந்த எரோ மாவட்டம்தான். அவருடைய 'குடும்பம் ஒன்றுகூடல்' படத்தில் பெரிய மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் மேல் தெற்கத்தி வெயில் இலைக்கு இலை விழுகிறது, நிழலில் நீலம் இருக்கிறது. அதை 1868 சலோன் ஏற்றுக்கொள்ளவும் செய்தது. அதே வெயிலில் வளர்ந்த கோவின் படத்தில் அந்த வெயில் எங்கே? பாசீல் 1870 போரில் போன்-லா-ரோலாந்தில் 28 வயதில் சுடப்பட்டு இறந்துபோனார், இருந்திருந்தால் 1874 கண்காட்சியில் அவரும் நின்றிருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.


தூரிகைக்காரன் எழுதியது:

பாசீலைக் கொண்டுவந்தது நல்லதுதான், ஏனென்றால் நான் சொல்ல நினைத்ததும் அந்தப் போரைப் பற்றித்தான்.

'வசந்தம்' வைக்கப்பட்ட 1873-ஐ யோசித்துப் பாருங்கள். 1870-71-இல் பிரஷ்யாவிடம் தோற்று, பாரிஸ் முற்றுகையில் பட்டினி கிடந்து, பிறகு கம்யூன் கிளர்ச்சியில் தன் ராணுவமே தன் மக்களைத் தெருவில் சுட்டதைப் பார்த்த நகரம் அது. ஐநூறு கோடி பிராங்க் நஷ்டஈட்டின் கடைசித் தவணையைக் கட்டி முடித்து, ஜெர்மன் படை பிரான்சை விட்டுக் கிளம்பியது 1873 செப்டம்பரில்தான். அதற்குச் சில மாதம் முன்னால், சலோனில், ஊஞ்சலில் ஒரு இளம் ஜோடி. அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள், பக்கத்தில் வண்ணத்துப்பூச்சிகள். மக்கள் ஏன் அதற்கு முன்னால் கூடினார்கள் என்று எனக்குப் புரிகிறது. அது பிரதி எடுக்கப்படாத பொருளே இல்லை என்னும்படி செதுக்கு அச்சு, விசிறி, பீங்கான், சுவர்த்திரை என்று எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. அந்த இனிப்பை ஏளனம் செய்வதற்கு முன்னால் அதைச் சாப்பிட்டவர்கள் எதிலிருந்து எழுந்து வந்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

புராண வேஷம் பற்றி வாசகி சொன்னதை மறுக்க மாட்டேன். 'வசந்தம்' படத்தில் அது இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. ஊஞ்சல் என்றாலே பிரெஞ்சு ஓவியத்தில் பிராகனார் ஞாபகம் வரும், 1767-இல் அவர் வரைந்த ஊஞ்சல் எவ்வளவு குறும்பானது என்று எல்லோருக்கும் தெரியும். கோ அந்தக் குறும்பை எடுத்து, பவுடர் பூசிய விக்குகளைக் கழற்றிவிட்டு, பழைய கிரேக்கம் என்று சொல்லி சலோனுக்குப் பொருத்தமாக ஆக்கினார். வாங்கியவர்களுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது.

ஆனால் 'புயல்' வேறு. அங்கே இரண்டு பேரும் எதற்கும் தயாராக இல்லாதவர்கள், ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நமக்காக நிற்கவில்லை.


தெற்குக்காற்று எழுதியது:

46 வயது என்றால் கிட்டத்தட்ட இருபது வருட வேலை. இந்த இரண்டைத் தவிர வேறு எதுவுமே ஏன் பேசப்படுவதில்லை?


பழைய பைண்டிங் எழுதியது:

உருவப்படம்தான் காரணம். கோவுக்குத் தொடர்ந்து சோறு போட்டது பாரிஸ் வசதிக்காரர்களின் முகங்கள். உருவப்படம் வரைந்து கொடுத்தால் அது அந்த வீட்டு வரவேற்பறைக்குப் போய்விடும், பேரன் காலத்தில் யார் படம் என்றே தெரியாமல் ஏலத்துக்கு வரும். சலோனுக்கென்று வரைந்த பெரிய கற்பனைப் படங்கள் அவரிடம் குறைவு, அதில் இரண்டு உலகப் புகழ் பெற்றன. 1870-களில் பாரிஸில் நன்றாகச் சம்பாதித்த பல ஓவியர்களுக்கு ஒரு படம்கூட அப்படி மிஞ்சவில்லை.

அப்புறம் 20-ஆம் நூற்றாண்டில் கபனேல், பூகுரோ வகை ஓவியப் பாணியையே மொத்தமாக மூட்டை கட்டிவிட்டார்கள். பூகுரோவையே சீண்டாமல் விட்டபோது அவருடைய மாணவரை யார் தேடப் போகிறார்கள்? 1986-இல் பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகம் திறந்து, கபனேலையும் மனேயையும் ஒரே கூரைக்கடியில் மாட்டியபோது பிரான்சிலேயே எவ்வளவு சண்டை நடந்தது. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, மனே இறந்தது 1883 ஏப்ரல் 30. கோ இறந்தது அதே வருடம் ஆகஸ்டில். நாலு மாதம்கூட வித்தியாசம் இல்லை. மனேயைப் பற்றி எழுதிய புத்தகங்களை அடுக்க ஒரு நூலக அறை வேண்டும். கோவைத் தனியாக ஆராய்ந்து எழுதியது என்றால் விரல் விட்டு எண்ணலாம்.


கரிக்கோடு எழுதியது:

வரைகிறவர்கள் யாராவது இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு யோசனை. மெட்ரோபாலிடன் 2017-இலிருந்து பதிப்புரிமை முடிந்த படங்களின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகிறது, 'புயல்' அதில் உண்டு. இறக்கிப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்துக்குப் போகாதீர்கள், எல்லோரும் அங்கேதான் போவார்கள். மேலே அந்த மஞ்சள் துணியின் ஓரத்துக்குப் போங்கள். காற்று உள்ளே புகுந்து உப்பிய பகுதியில் மடிப்பே இல்லை, கை பிடித்திருக்கும் இடத்திலிருந்து மட்டும் மடிப்புகள் விசிறி போலப் பிரிகின்றன. துணி எங்கே இழுபடுகிறது, எங்கே தளர்கிறது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் இருக்கிறது. அதைக் கரியில் பிரதி எடுத்துப் பாருங்கள், வண்ணம் வேண்டாம். நான் என் மாணவர்களுக்கு இதைத்தான் கொடுக்கிறேன்.

வாசகி, உங்கள் கேள்வி, 'என்ன கண்டுபிடித்தார்' என்பது. புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். கையில் கிடைத்ததை முழுசாகக் கற்றுக்கொண்டு, ஒரு குறையும் வைக்காமல் செய்து முடித்தார். எனக்கு அதுவும் ஒரு பெரிய காரியமாகத்தான் தெரிகிறது.


நள்ளிரவு வாசகி எழுதியது:

துணியை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது உண்மை, கை பிடித்த இடத்திலிருந்து பிரியும் மடிப்புகள் அபாரம். பார்வைகள் சந்திக்கவில்லை என்று தூரிகைக்காரன் சொன்னதும் சரிதான், அந்தப் பெண்ணின் முகத்தில் இருப்பது நிஜமான பயம், நான் இதுவரை அதை வெறும் பாவனை என்றுதான் நினைத்திருந்தேன்.

வெளிச்சத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சலோன் சுவர் காரணமாக இருக்கலாம், ஆனால் அதே சுவரில்தான் பாசீலும் மாட்டினார், ரெனுவாரும் மாட்டினார். 'வசந்தம்' பற்றியும் என் கருத்து மாறவில்லை. தூரிகைக்காரன், அடுத்து பாசீலுக்கும் ஒரு இழை தொடங்குங்கள், 'குடும்பம் ஒன்றுகூடல்' படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், நான் முதல் பதிவு போடுகிறேன்.